மன்னனின் கண்ணீரும் ஆயரின் கடிதமும்

ஒருவன் கிறிஸ்தவனாக இருந்துகொண்டே வாளேந்தி அரசாள்வது எப்படி? நான்காம் நூற்றாண்டில் இதற்கு ஒரு வசதியான வழி இருந்தது. ஞானஸ்நானத்தைப் பிற்போட்டுக்கொண்டே போவது! கிறிஸ்தவத்துக்குப் பேராதரவு நல்கிய கொன்ஸ்தந்தைன் மன்னன் 337இல் மரணப் படுக்கையிலேதான் அதைப் பெற்றான். வாழ்நாட் பாவங்கள் அனைத்தும் இறுதி நேரத்தில் ஒருசேரக் கழுவப்படும் என்பது அக்காலத்தில் பலர் போட்ட கணக்கு.

தியோடோசியஸ் மன்னனுக்கு அந்தக் கணக்குப் பிசகிவிட்டது. 380இல் தெசலோனிக்கா நகரில் கடும் நோயுற்று, இனிப் பிழைப்பதில்லை என்றெண்ணி ஞானஸ்நானம் பெற்றான், ஆனால் பிழைத்துக்கொண்டான். அதன் பின்னர் பதினான்கு ஆண்டுகளுக்குத் திருச்சபையின் ஒழுங்குக்கு உட்பட்டவனாகவே ஆள வேண்டியதாயிற்று. குடிகள் யாவரும் நிசேயா சங்கம் வகுத்த விசுவாசத்தையே பின்பற்ற வேண்டும் என்று அவன் கட்டளை பிறப்பித்ததும் அதே ஆண்டில், அதே நகரிலிருந்துதான். புனித பவுல் இரண்டு நிருபங்களை எழுதியனுப்பிய சபை இருந்த நகரும் அதுவே.

பத்து ஆண்டுகள் சென்றன. 390இல் தெசலோனிக்காவின் படைத்தளபதி பியூத்தெரிக், மக்கள் கொண்டாடிய தேரோட்டி ஒருவனை ஒழுக்கக் குற்றச்சாட்டின்பேரில் சிறையிலிட்டான். பந்தயத்துக்காக அவனை விடுவிக்குமாறு கேட்ட மக்கள், அது மறுக்கப்படவே தளபதியைக் கொன்றுவிட்டார்கள். மிலானிலிருந்த மன்னன் சினங்கொண்டு பழிவாங்க ஆணையிட்டான். பின்னர் அதை இரத்துச் செய்தான். ஆனால் காலம் கடந்துவிட்டது. படையினர் குற்றவாளி யார், வழிப்போக்கன் யார் என்று பாராமல் வெட்டி வீழ்த்தினார்கள். மாண்டவர்கள் ஏழாயிரம் என்று எழுதுகிறார், அடுத்த நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடொரெட்.

மிலானின் ஆயர் அம்புறோஸ், முன்னர் மாகாண ஆளுநராக இருந்தவர். அரச கருமம் அறிந்தவர். அவர் மன்னனை ஆலய வாசலிலேயே மறித்து நின்றதாகத் தியோடொரெட் சொல்ல, ஓவியர் வான் டைக் அதைத் தீட்டியும் வைத்தார். நடந்தது அதனிலும் அமைதியானது. ஆயர் உடல்நலக் குறைவைக் காரணங்காட்டி நகரை விட்டகன்றார். மன்னன் மட்டும் வாசிக்கவெனத் தம் கைப்படவே கடிதம் எழுதினார். நீர் பிரசன்னமாயிருந்தால் நான் திருப்பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன், தாவீது அரசனைப் போல் மனந்திரும்பும் என்பதே அதன் சாரம். மன்னன் பணிந்தான். அரச சின்னங்களைக் களைந்து, ஆலயத்தில் சபையார் முன்னிலையில் அழுதான். அவ்வாண்டு நத்தாருக்கே மீளவும் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கோ இதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய சம்பவமொன்று நெருடுகிறது. 388இல் யூப்பிரத்தீஸ் நதிக்கரையிலுள்ள கல்லினிக்கம் நகரில், ஆயரின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் யூதரின் செபக்கூடத்தை எரித்தார்கள். அந்த ஆயரே தம் செலவில் அதை மீளக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்றான் தியோடோசியஸ். எவ்வளவு நேரிய தீர்ப்பு! ஆனால் இதே அம்புறோஸ் அதை எதிர்த்தார். முதலில் கடிதம் எழுதினார்; பின்னர் மன்னன் வீற்றிருக்கும்போதே பிரசங்கத்தில் கண்டித்தார்; ஆணையைக் கைவிடுவதாக வாக்களிக்கும்வரை பீடத்துக்குச் செல்ல மறுத்து நின்றார். அன்றும் மன்னன் பணிந்தான். ஏழைகளின் இரத்தத்துக்காக நீதி கேட்ட அதே பீடம், யூதரின் செபக்கூடத்துக்கான நீதியைத் தடுத்தும் இருக்கிறது. மன்னனின் விசுவாசத்தை அளந்த கோலை அம்புறோஸ் தம்மீது வைத்துப் பார்த்தாரா?

393இல் தியோடோசியஸ் கிழக்குப் பிராந்தியத் தளபதிக்கு ஒரு சட்டம் அனுப்பினான். யூத சமயம் எந்தச் சட்டத்தாலும் தடுக்கப்பட்டதன்று. கிறிஸ்தவத்தின் பெயரால் செபக்கூடங்களை அழிப்போரையும் கொள்ளையிடுவோரையும் அடக்க வேண்டும் என்றது அது. அம்புறோஸ் அப்போதும் மிலானின் ஆயர்தான். 395இல் மன்னன் மறைந்தபோது மரணச் சொற்பொழிவு ஆற்றியவரும் அவரே. ஆலயத்தில் மன்னன் சிந்திய கண்ணீரை அவர் அதிலே வியந்து போற்றினார்.