தனியாள் கணினியும் சிறு கருவிகளும்

வரலாறு எழுதுவோர் பேரரசுகளைப் பற்றி விரித்தும், அப்பேரரசுகளில் வாழ்ந்த கொல்லரையும் தச்சரையும் பற்றிச் சுருக்கியும் எழுதுதல் நெடுநாள் வழக்கம். கணினியின் வரலாற்றிலும் இவ்வழக்கம் புகுந்துள்ளது. பெருங் கம்பனிகளின் தோற்றமும் வளர்ச்சியும் பல நூல்களிற் பேசப்படுகின்றன. ஆயின், தனியாள் கணினியை வாங்கியோர் அதனை நாடோறும் பயன்படுத்தத் துணைநின்ற சிறு கருவிகளின் கதை அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. தவறி நீக்கிய கோப்பை மீட்டல், பெரிய கோப்பைச் சுருக்கல், தொலைபேசிக் கம்பி வழியே பிழையின்றி அனுப்பல் ஆகியவற்றைச் செய்யும் செய்நிரல்களையே ஈண்டுச் சிறு கருவிகள் என்கின்றோம். இவற்றுட் சில நிலைத்தன, பல மறைந்தன. நிலைத்தவை எதனால் நிலைத்தன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1975 ஆம் ஆண்டு சனவரியில் 'அல்ற்றெயர் 8800' என்னும் கணினி அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 5 ஆம் நாள் கலிபோர்ணியாவிலுள்ள மென்லோ பார்க்கில், கோர்டன் பிரெஞ்சு என்பாரின் வாகனக் கொட்டகையில், ஆர்வலர் சிலர் கூடி 'ஹோம்புறூ கணினிக் கழகம்' எனும் சங்கத்தைத் தொடங்கினர். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு உரைத்தலும், ஒருவர் எழுதிய செய்நிரலை மற்றவர் படியெடுத்தலும் அங்கு இயல்பாயிருந்தன. இவ்வியல்பே பிணக்கிற்கும் வித்தாயிற்று. அல்ற்றெயருக்குரிய 'பேசிக்' மொழியை ஆக்கியோருள் ஒருவரான பில் கேற்ஸ், 1976 பெப்ரவரி 3 ஆம் நாளிட்ட திறந்த மடலொன்றில், ஆர்வலருட் பெரும்பாலோர் மென்பொருளைக் களவாற் பெறுகின்றனர் எனவும், உழைப்பிற்கு ஊதியமில்லையேல் நல்ல மென்பொருளை எவரும் எழுதார் எனவும் குறைகூறினார். இதே காலத்தில் ஆர்வலர் சிலர் 'ரைனி பேசிக்' என்னும் சிறு மொழியைத் தாமே ஆக்கி வந்தனர். அதன் ஒரு வடிவத்தை ரொம் பிற்மன் என்பவர் 5 டொலருக்கு விற்றார். உழைத்தோனுக்கு ஊதியம் வேண்டும் என்பதும், அறிவு பலர்க்கும் பயன்படல் வேண்டும் என்பதும் ஆகிய இரண்டும் நேரிய கொள்கைகளே. இவ்விரண்டினையும் எவ்வாறு இணைப்பது என்னும் வினாவே பின்வந்த சிறு கருவிகளின் வரலாறு முழுவதையும் இயக்கிற்று எனலாம்.

முதற்கண் செய்தியனுப்பும் கருவியை நோக்குவோம். சிக்காக்கோவைச் சேர்ந்த வோட் கிறிஸ்ரென்சன் 1977 இல் ஒரு செய்நிரலை எழுதினார். அதன் முறை பின்னர் 'எக்ஸ்மோடெம்' எனப் பெயர்பெற்றது. கோப்பினை 128 பைற்றுக் கொண்ட துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டுடனும் அதன் கூட்டுத்தொகையிலிருந்து பெற்ற சரிபார்ப்பெண் ஒன்றையும் அனுப்புதல் அம்முறை. பெறுங் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். எண் ஒவ்வாவிடின் அத்துண்டினை மீளக் கேட்கும். முறை எளிது, அதனை அவர் எவர்க்கும் மறைத்திலர். ஆதலின் பிறர் அதனைத் தத்தம் கணினிகளுக்கேற்ப மாற்றி எழுதினர். 1978 பெப்ரவரியில் அவரும் ரண்டி சூஸ் என்பவரும் நிறுவிய தொலைபேசிவழி அறிவித்தற் பலகை, இத்தகைய பலகைகளுள் முதலாவதாகக் கொள்ளப்படுகின்றது.

1981 ஓகஸ்ற்று 12 ஆம் நாள் ஐ.பி.எம். கம்பனி தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அன்ட்ரூ புளூகெல்மன் 'பீசீ-ரோக்' என்னும் தொடர்பாடற் செய்நிரலையும், ஜிம் நொப் 'பீசீ-பைல்' என்னும் தரவேட்டுச் செய்நிரலையும் வெளியிட்டனர். இவற்றை யாவரும் படியெடுத்து நண்பர்க்கு வழங்கலாம். பயன்கண்டோர் மனமுவந்து ஒரு தொகையை ஆசிரியருக்கு அனுப்புதல் வேண்டும். முன்னவர் கேட்டது 25 டொலர். பின்னவர் கேட்டது 10 டொலர். 1983 இல் 'பீசீ-ரைற்' என்னும் எழுத்தாவணச் செய்நிரலை வெளியிட்ட பொப் வலஸ் இம்முறைக்குப் 'பகிர்மென்பொருள்' எனப் பொருள்படும் பெயரைப் பரவச் செய்தார். கேற்ஸ் அவர்களின் குறைக்கும் கழகத்தாரின் வழக்கத்திற்கும் இஃது ஓர் இணக்க விடையாயிற்று. படியெடுத்தல் களவு எனப்படாது விளம்பரமாகவே கருதப்பட்டது. ஊதியம் வாங்குவோனின் மனச்சான்றுக்கு விடப்பட்டது.

அதே 1982 இல் பீற்றர் நோர்ட்டன் தம் பெயர் தாங்கிய கருவித் தொகுதியை வெளியிட்டார். அதனுட் புகழ்பெற்றது நீக்கிய கோப்பை மீட்கும் கருவி. இதன் நுட்பம் அறியத்தக்கது. அக்காலத்து டொஸ் இயக்க முறைமையிலே ஒரு கோப்பினை நீக்குமிடத்து அதன் உள்ளடக்கம் அழிவதில்லை. வட்டிலுள்ள பெயரடைவில் அக்கோப்புப் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு குறியாக மாற்றப்படும். அது நிரப்பியிருந்த இடம் வெற்றிடமெனப் பதியப்படும். ஒரு நூலகத்தில் நூலைத் தட்டிலேயே விட்டுவிட்டு, அடைவுச் சீட்டில் மட்டும் கோடிட்டாற் போன்றது இது. வேறு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். நோர்ட்டனின் கருவி இழந்த முதலெழுத்தைப் பயன்படுத்துவோரிடமே கேட்டுப் பெற்று, அடைவினைத் திருத்திக் கோப்பினை மீட்டது. ஒரு நாளை உழைப்பு முழுவதும் ஒரு விசையழுத்தத்தாற் போயிற்று எனக் கலங்கியோர்க்கு இஃது எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1990 இல் அவரது கம்பனியைச் சைமன்ரெக் கம்பனி வாங்கிற்று. 1991 இல் வெளிவந்த டொஸ் 5.0 பதிப்பிலோ, பிறிதொரு கம்பனியிடம் உரிமம் பெற்ற மீட்புக் கருவி முறைமையின் உறுப்பாகவே சேர்ந்தது. தனித்து விற்ற கருவி பெருமுறைமையுட் கலத்தல் என்னும் நெறி இவ்வாறு தோன்றிற்று.

இனி, சுருக்கக் கருவியின் வரலாற்றிற்கு வருவோம். இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி இதுவே. ஒரு செக்கனுக்கு 300 துணுக்கு அனுப்பிய தொலைபேசி இணைப்பில், 160 கிலோபைற்றுக் கொண்ட ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அனுப்ப ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் செல்லும். தொலைபேசிக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ஆதலின் கோப்பினைச் சுருக்கல் இன்றியமையாததாயிற்று. 1985 இல் தொம் ஹென்டர்சன் 'ஆர்க்' என்னும் கருவியை எழுதித் தம் சிறு கம்பனி வாயிலாக வெளியிட்டார். அதன் மூலநிரலும் பிறர் காணக் கிடைத்தது. விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த பில் கற்ஸ் அதே அமைப்புக் கொண்ட, ஆனால் மிக விரைவான கருவியை ஆக்கினார். பலரும் அதன்பாற் சென்றனர். 1988 இல் ஹென்டர்சன் கம்பனி வழக்குத் தொடுத்தது. தன் மூலநிரலினின்றே கற்ஸ் தம் கருவியை ஆக்கினார் என்பது அதன் குற்றச்சாட்டு. வழக்கு இணக்கத்தில் முடிந்தது. கற்ஸ் பணம் செலுத்த உடன்பட்டார்.

ஆர்வலரிற் பெரும்பாலோர் கற்ஸ் பக்கமே நின்றனர். பெரிய கம்பனியொன்று தனியொருவரை நசுக்குகின்றது என அவர்கள் எண்ணினர். உண்மையில் வழக்குத் தொடுத்ததும் ஒரு சிறு குடும்பக் கம்பனியே. வழக்கிற் பொதுமக்கள் கொண்ட சார்பைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு வரலாற்று மாணவர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆயினும், கற்ஸ் அடுத்துச் செய்த செயல் வழக்கினும் பெரிது. 1989 இல் அவர் 'சிப்' என்னும் புதிய அமைப்பை வகுத்து, அதன் விவரங்களை எழுத்தில் வெளியிட்டு, யாவரும் அதனைப் பயன்படுத்தலாம் என அறிவித்தார். 1993 இல் அவரது கருவியின் இரண்டாம் பதிப்புடன் பரவிய 'டிபிளேற்' என்னும் சுருக்கமுறை இரு கருத்துகளின் இணைப்பாகும். முன்னது, 1977 இல் லெம்பெல், சிவ் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டது. ஒரு கட்டுரையில் 'யாழ்ப்பாணம்' என்னும் சொல் இரண்டாம் முறை வருமாயின், அதனை மீள எழுதாது, 'இத்தனை இடம் பின்சென்று இத்தனை எழுத்தைக் கொள்க' எனக் குறித்தல் அது. பின்னது, 1952 இல் ஹவ்மன் வெளியிட்டது. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும், அரிதாய் வருவதற்கு நெடிய குறியும் வழங்கல் அது.

விவரங்கள் வெளிப்படையாயிருந்தமையால் உலகின் பல பாகத்தோரும் அவ்வமைப்பைக் கையாளுங் கருவிகளைத் தாமே எழுதினர். தன்னார்வக் குழுவொன்று இலவசக் கருவிகளை ஆக்கிற்று. 1996 இல் டிபிளேற் முறையின் விவரம் இணையத்தின் ஆவண வரிசையிலே வெளியிடப்பட்டது. கற்ஸ் 2000 ஏப்பிரலில், தம் 37 ஆம் வயதில் காலமானார். அவரது கருவியை இன்று நினைப்போர் சிலர். அவர் வகுத்த அமைப்போ எங்கும் உள்ளது. மாணவர் இன்று தட்டெழுதும் சொற்செயலி ஆவணங்களிற் பலவும், மின்னூல்களிற் பலவும் உள்ளே சிப் பொதிகளே. ஆக்கியோன் மறைந்தும் ஆக்கம் நிலைத்தமைக்குக் காரணம், அதன் அமைப்பினை யாவரும் அறிய அவர் எழுதிவைத்தமையே.

இவ்வரலாறு தமிழுக்குப் புறம்பானதன்று. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பல்லாண்டுகளாகப் பெருவழக்கிலிருந்த 'பாமினி' எழுத்துருவில், தமிழெழுத்துகள் உரோம எழுத்துகளின் இடங்களிலே அமர்த்தப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்னும் சொல்லும் பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தோன்றும். 1991 இல் யுனிகோட் பொதுக்குறியீட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதெனினும், அது பரவப் பல்லாண்டு சென்றது. இடைக்காலத்தில் தட்டெழுதப்பட்ட மலர்களும் கட்டுரைகளும் இன்று படிக்கப்படுவது, பாமினியை யுனிகோட்டாக்கும் சிறு மாற்றிக் கருவிகளாலன்றோ? எவ்வெழுத்து எவ்விடத்தில் உள்ளதென்பது அறியப்பட்டிருந்தமையாலேயே அக்கருவிகளை ஆக்க முடிந்தது. அட்டவணை தொலைந்த எழுத்துருவில் ஒரு கட்டுரை இருப்பின், அஃது ஏட்டில் இருந்தும் இல்லாததே.

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படும் நடைமுறை நெறிகள் சில. தவறிக் கோப்பை நீக்கியவர் அவ்வட்டில் வேறெதனையும் எழுதாதிருத்தல் வேண்டும். ஆயின், இற்றைத் திண்மநிலை வட்டுகளிற் பல, நீக்கிய இடத்தைத் தாமே துடைத்துவிடுவதால், மீட்புக் கருவியை நம்பியிருத்தல் ஆகாது. வேறிடத்தில் ஒரு படி வைத்தலே காப்பு. கருவிகளை ஆக்கியோரிடமிருந்தே பெறுதல் நன்று. 1986 இல் பாக்கிஸ்தானிய நகராகிய லாகூரிலே தோன்றிய 'பிறெயின்' என்னும் நச்சுநிரல் வட்டுவழியே பரவியமை இதற்குச் சான்று. யாவற்றினும் மேலாக, கல்லூரி மலர், சங்க அறிக்கை, மாணவர் பதிவு முதலியவற்றை, விவரம் வெளியிடப்பட்ட பொது அமைப்பிலும் பொதுக்குறியீட்டிலும் சேமித்தல் வேண்டும். பனையோலை ஏடுகளைச் செல்லுக்கும் தீக்கும் பறிகொடுத்த வரலாறுடையோம் நாம். கணினியில் உள்ளவற்றைத் திறக்கவியலாப் பூட்டுக்குப் பறிகொடாதிருத்தல் இத்தலைமுறையினர் கடனாகும்.