வாடிவீடு முதல் உல்லாச விடுதி வரை

வெளிநாட்டார் நம் நாட்டைக் காண வருவதால் தேசியப் பொருளாதாரம் வளரும் என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மைபோலப் பேசப்படுகின்றது. பொருளியல் கற்பிப்போர் இதனைக் ‘கட்புலனாகா ஏற்றுமதி’ என்பர். எவருடைய உழைப்பும் எவருடைய நிலமும் அவ்வாறு ஏற்றுமதியாகின்றன என்ற வினா மாத்திரம் பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அமைத்த வாடிவீடுகள் ஊர் பார்க்க வருவோருக்கென எழுந்தவையல்ல. ஆட்சி செலுத்திய உத்தியோகத்தர் வழியில் இரவு தங்குவதற்கானவை. 1864 இல் கொழும்பில் காலிமுக ஹோட்டல் தோன்றிற்று. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் தொடங்கிய அலைதடுப்பு அணை வேலை கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கிற்று. கீழ்த்திசை நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற வேளையில் பிரயாணிகள் கரையிறங்கினர். கோப்பியையும் தேயிலையையும் இறக்கிவர அமைத்த புகையிரதப் பாதையே அவர்களை மலைநாட்டுக்கு ஏற்றிச் சென்றது. 1937 இல் அரசாங்கம் இதற்கென ஒரு பணியகத்தை நிறுவிற்று. யுத்தம் மூண்டபின் 1940 இல் அது மூடப்பட்டது. உல்லாசப் பிரயாணம் இந்நாட்டிற் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் நிழலிலேயே பிறந்தது என்பதனை நாம் மறத்தலாகாது.

1960 களில் தேயிலையின் விலை சரிய, அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிற்று. தோட்டப் பயிருக்கு மாற்றாக வேறொன்றைத் தேடியவர்களின் கண்ணிற் பட்டது நம் கடற்கரை. 1966 இல் உல்லாசப் பிரயாண சபையும் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தால் அமைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பத்தாண்டுத் திட்டமொன்று வெளியாயிற்று. அதனை வரைந்தது ஓர் அமெரிக்க நிறுவனம் என்பது வியப்புக்குரியதன்று. 1966 இல் வந்தோர் ஏறத்தாழ 19,000 பேர். 1982 இல் 4,07,000 பேர். பெந்தோட்டையும் ஹிக்கடுவையும் பாசிக்குடாவும் ஐரோப்பியர் அறிந்த பெயர்களாயின.

இவ்வளர்ச்சியைக் குலைத்தது வெளியிலிருந்து வந்த பகையன்று. 1983 யூலையில் தமிழர்மீது ஏவப்பட்ட வன்செயலும் அதனைத் தொடர்ந்த போரும் 1987 இல் இத்தொகையை 1,83,000 ஆக வீழ்த்தின. 1982 இன் எண்ணிக்கையை மீண்டும் எட்ட 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இனவாதத்தை வளர்த்து வாக்குத் தேடியவர்கள் இந்த நட்டத்தைத் தம் கணக்கில் எழுதியதாகத் தெரியவில்லை.

2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிகழ்ந்தது இன்னும் ஆழமாக நோக்கத்தக்கது. தென் கரையிலும் மேற்குக் கரையிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடகிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாதென அரசாங்கம் அறிவித்தது. கரைவலை இழுப்பவனும் வள்ளம் தள்ளுபவனும் கரையைவிட்டு உள்ளே போகவேண்டுமாம். உல்லாச விடுதிகளுக்கு மட்டும் விதிவிலக்காம்! அலைக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. எதிர்ப்பு வலுக்கவே அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. போர் முடிந்த 2009 இன் பின்னர் பாசிக்குடாவில் பெரு விடுதிகள் எழுந்தபோது, வள்ளம் ஏற்றும் கரை சுருங்கிற்றென்று கடற்றொழிலாளர் முறையிட்டனர். காங்கேசன்துறையிலோ, இடம்பெயர்ந்த மக்கள் தம் காணிகளுக்குத் திரும்ப இயலாதிருந்த காலத்திலேயே இராணுவம் அங்கு உல்லாச விடுதியொன்றை நடத்திற்று.

இனி, தொகைகளைப் பார்ப்போம். 2018 இல் 23 இலட்சம் பேர் வந்தனர். வருமானம் 438 கோடி டொலர். அதே ஆண்டில் வெளிநாடுகளில் உழைத்த நம்மவர் வீட்டுக்கு அனுப்பியது ஏறக்குறைய 700 கோடி டொலர். அரபு நாட்டில் பிறர் பிள்ளையைத் தூக்கி வளர்த்த பெண்ணின் உழைப்பும் அதில் அடங்கும். ஆயினும் அவளை எந்தச் சுவரொட்டியும் தேசத்தின் முகமெனக் காட்டவில்லை. உல்லாசப் பிரயாண வருமானத்தில் ஒரு பகுதி இறக்குமதி உணவாகவும் மதுவாகவும் வெளிநாட்டு முகவர் தரகாகவும் திரும்ப வெளியேறுகின்றது என்பதும் நினைவிருக்கட்டும்.

2019 ஏப்ரல் 21 இன் குண்டுகளுக்கும் அதனையடுத்த கொள்ளைநோய்க்கும் பின்னர், 2021 இல் வந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்திற்று. தாங்கொணாக் கடனும் 2019 இன் வரிக்குறைப்பும் அதற்குப் பெருங்காரணங்கள். ஆனால் வற்றிப்போன இவ்வூற்றும் ஒரு காரணமே. விலை சரிந்தால் தேயிலை நாடு தள்ளாடியதுபோல, விமானம் நின்றால் தள்ளாடும் நாடாக நாம் ஆகியிருந்தோம்.

இத்தொழிலையே வேண்டாமென்று ஒதுக்குவது எம் நோக்கமன்று. தோட்டக் கம்பனியின் இலாபத்தைப்போலன்றி, இதில் ஒரு பங்கு முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும், வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கும், இளநீர் வெட்டுபவருக்கும் நேரடியாகப் போய்ச் சேர்கின்றது. அந்தப் பங்கு பெருகுமா, குறுகுமா என்பது நிலம் எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தது. கந்தப்பளையில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990 களில் ஹோட்டலாயிற்று. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சிலவும் அவ்வாறே விடுதிகளாயின. அவற்றின் சாளரங்களூடாக விருந்தினர் பார்த்து மகிழும் பசுமைக்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கின்றனர். மாலையில் அவர்களிற் பலர் திரும்பிச் செல்வது இன்னும் லயன் அறைகளுக்கே.