தேயிலைச் சாரலும் உலக வரலாறும்

அட்டனிலிருந்து நுவரெலியா வரை மலைச்சாரல்களைப் போர்த்து நிற்கும் தேயிலை, இம்மண்ணுக்குரிய செடியன்று. அதனைப் பருகும் வழக்கத்தை உலகுக்குக் கற்பித்தது சீனம். அச்சீனத்து வரலாற்றாசிரியரிடையே நெடுநாள் நிலவிய வினா ஒன்று இச்சாரல் மக்களையும் தொடுவதாகும். உலக வரலாறு என்பது பிறநாடுகளின் வரலாறா, தன்னாட்டையும் உள்ளடக்கியதா?

சீனப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முதல் விடையையே கொண்டன. சீன வரலாறு ஒரு துறை. ஏனைய நாடுகளின் வரலாறு மற்றொரு துறை. 1962இல் சௌ யிலியாங்கும் வூ யூஜினும் தலைமை தாங்கித் தொகுத்த உலகப் பொதுவரலாறு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. வூகான் பல்கலைக்கழகத்தவரான வூ யூஜின் பின்னாளில் ஆழமானதொரு கருத்தை உரைத்தார். வரலாறு நெடுக்காக மட்டுமன்றிக் குறுக்காகவும் வளர்கிறது. தனித்துக் கிடந்த சமூகங்கள் வாணிகத்தாலும் குடிபெயர்வாலும் போராலும் பின்னப்படுந்தோறும் அது உலக வரலாறாகிறது என்பதே அது. 2011இல் உலக வரலாறு சீனத்தில் முதல்நிலைத் துறையாக உயர்த்தப்பட்டது. அப்போதும் சீன வரலாறு தனித்துறையாகவே நின்றது. தன் வீட்டை விலக்கிவிட்டு ஊரை அளப்பது சற்று விந்தையே!

மலையகத்தில் அவ்வேலி நில்லாது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தோர் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. கோப்பி அழிய, தேயிலை பரவிற்று. முதலீடு பெரும்பாலும் பிரித்தானியருடையது. விற்பனை இலண்டன் ஏலத்தில். உழைத்த கைகள் தமிழருடையவை.

எனினும் நாட்டு வரலாறுகளில் இம்மக்களுக்குக் கிட்டிய இடம் மிகச் சிறிது. இலங்கை நூல்களில் அவர்கள் தோட்டத் தொழிலின் ஒரு பகுதி. இந்திய நூல்களில் கடல் கடந்தவுடன் மறைந்து போனவர்கள். நாடுவாரியாகப் பிரிக்கும் பழக்கம் ஏட்டோடு நிற்கவுமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்க வேண்டிய கணக்காயினர். ஒரே லயத்தில் பிறந்தோர் இரு பேரேடுகளில் பிரிந்தனர்.

இவ்வரலாற்றை எழுத மலையகத்தாரே முன்வந்தனர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். தஞ்சையில் பிறந்து, கொழும்பில் பத்திரிகை நடத்தி, அட்டனில் தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் வாழ்க்கையைச் சாரல் நாடன் தமிழில் நூலாக்கினார்.