செல்லப் பிராணி இழப்புத் துயர்

செல்லப் பிராணி இழப்புத் துயர் என்பது வீட்டில் அன்புடன் வளர்த்த நாய், பூனை, கிளி, முயல் முதலிய விலங்கோ பறவையோ இறக்கும்போது அதை வளர்த்தவர்களுக்கு ஏற்படும் மனத்துயரைக் குறிக்கும். அழுகை, தூக்கமின்மை, பசியின்மை, குற்ற உணர்வு, வேலையில் கவனமின்மை ஆகியன இதன் பொதுவான வெளிப்பாடுகள். இறந்த பிராணியின் குரலோ காலடி ஓசையோ கேட்பது போன்ற உணர்வும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. இவை உறவினர் ஒருவரை இழந்தவரிடம் காணப்படும் அறிகுறிகளே ஆகும். இத்துயர் நோயாகக் கருதப்படுவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புகின்றனர்.

ஏற்பிழந்த துயர்

அமெரிக்க அறிஞரான கென்னத் டோக்கா 1989ஆம் ஆண்டு தாம் தொகுத்து வெளியிட்ட நூலில், சமூகம் துயரமாக ஒப்புக்கொள்ளாத இழப்புகளைத் தனி வகையாக விளக்கினார். இழந்தவருக்குத் துக்கப்பட உரிமை உண்டு என்பதைச் சுற்றியுள்ளோர் ஏற்காதபோது, அவர் தம் துயரை மறைக்க நேர்கிறது. மறைக்கப்பட்ட துயர் ஆறுவதும் கடினமாகிறது. இதனை ஏற்பிழந்த துயர் எனலாம். செல்லப் பிராணியின் இறப்பு இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டாகும்.

தமிழ்க் குடும்பங்களில் இது எளிதில் விளங்கும். மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க வருவோர் உண்டு. அலுவலகத்தில் விடுப்பு உண்டு. பதினாறாம் நாள், திதி எனத் துயருக்கு நாள்களும் சடங்குகளும் உண்டு. பத்தாண்டுகள் வீட்டில் வாழ்ந்த நாய் இறந்தால் இவற்றுள் ஒன்றும் இல்லை. "நாய்க்குப் போய் இப்படி அழுவார்களா?" என்ற கேள்வியும், "வேறொரு குட்டி வாங்கிக்கொள்" என்ற ஆறுதலுமே மிகுதி. இவ்விரண்டும் நல்லெண்ணத்துடன் கூறப்படினும் துயரைக் கூட்டுபவை.

மருத்துவ வகைப்பாடுகளிலும் இந்த வேறுபாடு உள்ளது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பதினோராவது நோய் வகைப்பாடு, 'நீடித்த துயரக் கோளாறு' என்பதை நெருங்கிய மனிதர் ஒருவரின் இறப்புக்கு மட்டுமே வரையறுத்துள்ளது.

நினைவுக்கற்களில் விலங்குகள்

விலங்குக்காகத் துக்கப்படுவது மேலைநாட்டு வழக்கம் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்ததைக் கூறும் அக்கல்லில், அவனருகே நாயொன்றும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது; அக்காலத்து மனிதர் பலரின் பெயர் தெரியவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் ஒன்றுக்கு எழுப்பப்பட்ட பழைய கல் உள்ளது.

இவற்றினும் விரிவானது கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்து ஆதக்கூர்க் கல்வெட்டு. இதற்குத் தமிழக வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு. கி.பி. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டான். இராட்டிரகூடர் பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தன் வீரன் மணலேரனை மெச்சி வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, அவன் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெரும் காட்டுப்பன்றி ஒன்றுடன் பொருதது, இரண்டும் மடிந்தன. ஆதக்கூர்க் கோயிலின் முன் நாய்க்குக் கல் நாட்டி நிலமும் விடப்பட்டது. அக்கல்லை வழிபடாமல் பூசகர் உணவு கொள்ளலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்துடன் கூடிய இக்கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தென் மாவட்டச் சிற்றூர்களில் கோயில் காளை இறந்தால் ஊரே கூடி, மாலையும் வேட்டியும் சாத்தி, கொட்டு முழங்க அடக்கம் செய்கின்றனர். 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை இலட்சுமி காலை நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தது. பெருந்திரளான மக்கள் கண்ணீருடன் அஞ்சலி செலுத்தினர். அவர்களை எவரும் கேலி செய்யவில்லை. காளையும் யானையும் ஊருக்குப் பொது. வீட்டு நாயோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியது. துக்கத்தைப் பகிர ஆளில்லாமற்போவது இதனால்தான்.

நகர்ப்புறச் சூழல்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான பாடி, கொரட்டூர், அம்பத்தூர் ஆகியவற்றில் தனி வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. கொல்லையில் குழிதோண்டிப் புதைத்து, மேலே ஒரு செடி வைப்பது முன்பு இயல்பாக நடந்தது. மூன்றாம் மாடியில் வசிப்பவருக்கு அதற்கு மண் இல்லை. துயரின் முதல் சில மணி நேரம் உடலை எங்கே கொண்டுசெல்வது என்ற கவலையிலேயே கழிகிறது. துப்புரவு வண்டியில் ஏற்றி அனுப்ப நேர்ந்தவர்கள் அதனை நெடுநாள் மறப்பதில்லை.

ஆதலால், முதுமையடைந்த பிராணியை வைத்திருப்போர் அடக்கத்துக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடமும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் கேட்டறிவது நன்று. பாடி 2011 முதல் பெருநகர சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் உள்ளது. சொந்த நிலத்தில் புதைப்பதாயின் கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஏரிக்கரை ஆகியவற்றிலிருந்து தள்ளி, தெருநாய்கள் தோண்ட இயலாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

வெறிநோய் ஐயம் இருப்பின் நிலைமை வேறு. கடிபட்டவரும், காயத்தில் உமிழ்நீர் பட்டவரும் அவ்விடத்தை வழலையிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இதனைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்தானது.

குற்ற உணர்வும் கருணைக்கொலையும்

மனித இறப்பில் அரிதாகவும் பிராணியின் இறப்பில் அடிக்கடியும் எழும் ஒரு சிக்கல், இறப்பைத் தீர்மானித்தவர் தாமே என்ற எண்ணம். குணப்படுத்த இயலாத நோயில் துன்புறும் பிராணிக்குக் கால்நடை மருத்துவர் மயக்க மருந்தை மிகை அளவில் செலுத்தி வலியின்றி உயிர் பிரியச் செய்வதுண்டு. ஒப்புதல் தர வேண்டியவர் வளர்ப்பவர். ஒப்புதல் தந்தவர் 'அவசரப்பட்டுவிட்டேனோ' என்றும், தராதவர் 'வீணாகத் துன்புறவிட்டேனோ' என்றும் வருந்துகின்றனர்.

நோயை முன்பே கவனிக்கவில்லை என்ற வருத்தமும் பொதுவானது. நாயும் பூனையும் வலியைப் பெரும்பாலும் வெளிக்காட்டுவதில்லை. சிறுநீரக நோயின் அறிகுறிகள் அவ்வுறுப்பின் பெரும்பகுதி செயலிழந்த பின்னரே தெரியவரும். உண்ணிக் காய்ச்சலின் தொடக்கம் வெறும் சோர்வாகவே தோன்றும். இவற்றை மருத்துவர் விளக்கிக் கூறுவது குற்ற உணர்வைப் பெரிதும் குறைக்கும். எனவே, இறப்புக்குப் பின் மருத்துவரை ஒருமுறை சந்தித்துக் கேள்விகளைக் கேட்பது பயனுள்ளது.

துயரைக் கையாளுதல்

எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகள் (மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) பலரும் அறிந்தவை. அவை சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைக் கண்டு எழுதப்பட்டவை. எல்லோரும் அந்த வரிசையில் கடந்துவருவதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் ஆகியோர் 1999இல் முன்வைத்த இரட்டைச் செயல்முறைக் கோட்பாடு நடைமுறைக்கு நெருக்கமானது. துயருறுபவர் சிலபோது இழப்பில் ஆழ்வதும், சிலபோது அதை விட்டு அன்றாட வேலைகளில் ஈடுபடுவதுமாக மாறி மாறி இயங்குகிறார். இந்த ஊசலாட்டமே மீட்சிக்கு வழி என்பது அதன் சாரம். அதன்படி, நாய் இறந்த மறுநாள் சிரிக்க நேர்ந்தால் அது அன்பின்மைக்கு அடையாளமன்று.

அன்றாட ஒழுங்கு குலைவது எதிர்பாராத அளவு வருத்தும். காலை ஆறு மணிக்கு நாயுடன் நடந்தவருக்கு அந்த ஆறு மணியே கடினமான நேரம். தனியாகவேனும் அந்நடையைத் தொடர்வது சிலருக்கு உதவுகிறது. வேறு சிலர் பாதையை மாற்றிக்கொள்கின்றனர். கழுத்துப்பட்டை, தட்டு முதலியவற்றை உடனே அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. தனித்து வாழும் முதியோருக்கு நாளொன்றில் பேசக் கிடைத்த ஒரே துணை அதுவாக இருந்திருக்கலாம்; அவர்களை அண்டை வீட்டார் சென்று பார்ப்பது இன்றியமையாதது. புதிய பிராணியை எப்போது கொண்டுவருவது என்பதற்கு விதி இல்லை. ஆனால் இறந்ததன் பெயரையே அதற்கு இடுவதும், அதனைப் போலவே நடக்குமென எதிர்பார்ப்பதும் புதியதற்கு நியாயமாகாது.

குழந்தைகளிடம் 'தூங்குகிறது', 'ஊருக்குப் போயிருக்கிறது' என்று கூறுவதைத் தவிர்க்க வேண்டும். சுமார் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறந்தது மீண்டும் எழும் என நினைப்பது இயல்பு. தூக்கத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் உறங்கவே அஞ்சக்கூடும். 'அதன் உடல் இயங்குவது நின்றுவிட்டது, இனி வராது' என எளிய சொற்களில் கூறி, விரும்பினால் அடக்கத்தின்போது உடனிருக்கவும் அனுமதிக்கலாம்.

உறக்கமின்மையோ வேலைக்குச் செல்ல இயலாமையோ பல வாரங்கள் நீடித்தாலும், வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினாலும் மனநல மருத்துவரை அணுக வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். இழந்தது செல்லப் பிராணி என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.