ஆங்கிலம் ஏறிய நம் நாணயப் பெயர்கள்



'பத்து ரூபாய்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் மாணவர் பலர் 'டென் ருபீ' என்றே எழுதுவர். 'டென் ருபீஸ்' என்பதே முறை. முப்பதாண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய நான் இதைச் சோம்பலால் நேர்ந்த பிழையாகக் கருதவில்லை. தமிழில் 'ரூபாய்' என்னும் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பது. 'பத்து ரூபாய்கள்' என்று எவரும் கூறார். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண நூலார் வகுத்த அம்மரபை, மாணவன் தன்னையறியாமலே அயல்மொழிக்குள் கொண்டு செல்கிறான்.

ஆயின், நம் நாணயப் பெயர்களுக்கு 'எஸ்' சேர்ப்பதில் ஆங்கிலேயராவது ஒரே வழியைப் பின்பற்றினரா? இல்லை. அதற்குச் சான்று சென்னையிலேயே உள்ளது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் எழுதிய கணக்கில் மூன்று பெயர்கள் வழங்கின. நாம் வராகன் என்ற பொன் நாணயத்தை அவர்கள் 'பகோடா' என்றனர். நம் பணம் அவர்கள் ஏட்டில் 'பனம்' ஆயிற்று. அதன் முதலெழுத்தை அவர்கள் உதட்டைப் பல்லால் தொட்டு ஒலித்தனர். நம் காசு, போர்த்துக்கேசியர் நாவில் திரிந்து, பின்னர் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. எண்பது காசு ஒரு பணம்; நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. இன்று கணிப்பொறியின்றிக் கூட்டல் செய்யத் தயங்கும் நாம், அக்காலக் கணக்கப்பிள்ளையை மதிக்கவே வேண்டும்.

1803-ஆம் ஆண்டுச் செப்புக்காசில் ரோமன் எண்ணில் இருபது என்றும், அதனருகே 'கேஷ்' என்றும் பொறித்தனர். அதில் 'எஸ்' இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஐந்து பண வெள்ளி நாணயத்திலோ 'ஃபைவ் ஃபனம்ஸ்' என்று 'எஸ்' சேர்த்துப் பொறித்தனர். ஒரே கம்பெனி, ஒரே மாகாணம், ஏறத்தாழ ஒரே காலம்; ஒரு பெயர் தமிழ்ச் சொல்லைப் போலவே மாறாது நின்றது, மற்றொன்று ஆங்கில உடை அணிந்துகொண்டது.

இடையில் ஒன்று கூறிவிடுகிறேன். ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' நம் காசிலிருந்தே பிறந்ததென மேடைகளில் முழங்குவார் உளர். அது பொருந்தாது. அச்சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியில் வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' ஒன்றே நம்முடையது. எழுத்தும் ஒலியும் ஒன்றானமையால் இரண்டும் கலந்துவிட்டன.

ரூபாய் வடக்கிலிருந்து வந்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூர் வெளியிட்ட வெள்ளி 'ரூபியா'வே அதன் முன்னோர். சென்னை மாகாணத்தில் வராகனின் ஆட்சி 1818-இல் முடிந்தது; ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என மதிப்பிட்டனர். 1835-இல் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டது. அதன் சில்லறைப் பெயர்களிலும் அதே வேறுபாடு உண்டு. அணா 'அன்னாஸ்' என்று பன்மையாகும். 'பைஸ்' என்ற காலணாவோ ஒன்றாயினும் பத்தாயினும் 'பைஸ்'தான்.

1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. ரூபாய்க்குப் பதினாறணா என்பது மாறி, நூறு நயா பைசா ஆயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்பதால் மாற்றுப் பட்டியலில் இரண்டணா 12 என்றும், மூன்றணா 19 என்றும் முழுமையாக்கினர். 1964 ஜூன் முதல் நாள் 'நயா' என்ற அடைமொழி நீங்கியது. இந்தியில் ஒருமை பைசா, பன்மை பைசே. அப்பன்மையையே இந்திய ஆங்கிலம் ஏற்றது. ஆகவே 'ஒன் பைசா', 'ஃபிஃப்டி பைசே' என எழுதுக. 'பைசாஸ்' நம் நாட்டு வழக்கன்று.

இது வெறும் தேர்வு மதிப்பெண்ணுக்கான செய்தியன்று. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்கிறது. எங்கள் மண்ணூரில் பட்டறை நடத்தும் இளைஞர்கள் விலைப்புள்ளியை எழுதி என்னிடம் காட்டுவதுண்டு. காசோலையில் 'ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி' எனப் பெயர் முன்னே வருவதைப் பார்த்து, கடிதத்திலும் 'வி நீட் ருபீஸ் ஃபைவ் தவுசண்ட்' என்று எழுதிவிடுகின்றனர். வாக்கியத்தில் எண் முன்னும் பெயர் பின்னும் வரவேண்டும். தொகையை ஒரு மொத்தமாகக் கருதினால் வினை ஒருமை பெறும்: 'ஃபைவ் தவுசண்ட் ருபீஸ் இஸ் இனஃப்.' பெயர் அடைமொழியாகும்போது 'எஸ்' உதிரும்: 'எ டென்-ருபீ நோட்.' 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை எண்ணுக்கு முன் இட்டபின், பின்னால் மீண்டும் 'ருபீஸ்' வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் சட்டைப்பையிலுள்ள நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். 'ஒன் ஹண்ட்ரட் ருபீஸ்' என்று ரிசர்வ் வங்கியே எழுதித் தந்திருக்கிறது.

கடல் கடந்த தமிழர் நிலை சற்று வேறு. இலங்கையில் 1872-இல் ரூபாயை நூறு சதமாகப் பகுத்தனர். சதம் ஆங்கிலத்தில் 'சென்ட்ஸ்' எனப் பன்மையாகும். மலேசியத் தமிழர் வெள்ளி என்றழைக்கும் 'ரிங்கிட்' ஆங்கிலத்திலும் மாறாது நிற்கும்.

இனி எங்கள் வட்டாரத்துக்கு வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியரின் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நடத்திய ஆலை வந்தது. அவற்றைச் சார்ந்த தொழிலகங்களில் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் 'யென்', 'வான்' என்ற பெயர்களையும் எழுத நேர்கிறது. ரூபாயில் சரியாகப் பழகிய கை அங்கும் 'யென்ஸ்' என்று எழுத விரையும். எழுதவேண்டா. 'டென் தவுசண்ட் யென்', 'டென் தவுசண்ட் வான்' என்பவையே வழக்கு. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நம் காசு நின்ற நிலையில் அவை இன்று நிற்கின்றன.