எழுதி வைக்கப்பட்ட ஜாஸ்

1928ஆம் ஆண்டு 'பிராவ்தா' பத்திரிகையில் மக்சிம் கோர்க்கி ஒரு கட்டுரை எழுதினார். ஜாஸ், கொழுத்தவர்களின் இசை என்று அதில் சாடினார். 'தாய்' நாவலைத் தந்தவரின் சொல் என்பதால் அதற்குக் கனம் அதிகம். அதன் பின்னர் சோவியத் நாட்டில் ஜாஸ் சில காலம் சகிக்கப்பட்டது. சில காலம் ஒடுக்கப்பட்டது. அதே நாட்டில்தான் ஜாஸை மேலைச் சாஸ்திரிய வடிவங்களுக்குள் குடியேற்றிய ஒருவர் உருவானார் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

அவர் நிக்கொலாய் கபுஸ்தின். 1937இல் உக்ரேனின் ஹோர்லிவ்கா நகரில் பிறந்தவர். மொஸ்கோ இசைக் கல்லூரியில் அலெக்சாண்டர் கோல்டென்வைசரிடம் பியானோ பயின்றார். தோல்ஸ்தோயோடு நெருங்கிப் பழகிய, பழைய மரபில் ஊறிய ஆசான் அவர். 1961இல் படிப்பை முடித்த மாணவரோ ஒலெக் லுண்ட்ஸ்ட்ரெமின் ஜாஸ் வாத்தியக் குழுவில் போய்ச் சேர்ந்தார். 1934இல் சீனாவின் ஹார்பின் நகரில் தொடங்கி, 1947இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பிய குழு அது. 1972 வரை அதில் வாசித்தார்.

1977இல் அவர் எழுதிய 'பழைய பாணித் தொகுப்பு' என்ற பியானோ ஆக்கத்தைப் பாருங்கள். அலமாந்து, கவொத், சரபாந்து, பூரே, ஜீக் எனப் பாஹ் காலத்து நடன வரிசை குலையாமல் இருக்கிறது. ஆனால் மூன்று சுரங்கள் சேர்ந்தொலிக்கும் இடத்தில் ஏழாவதும் ஒன்பதாவதும் வந்து கலக்கின்றன. தாளத்தின் அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழுகிறது. இதை ஒட்டுவேலை என்று நான் கருதவில்லை. அந்தப் பழைய வடிவங்களும் ஒரு காலத்தில் மனிதர் ஆடிய ஆட்டங்கள்தாம். ஜாஸும் ஆட்டக் கூடங்களில் வளர்ந்ததுதான்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பதே ஜாஸின் உயிர் என்பர். கபுஸ்தினோ ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதி வைத்தார். தாம் ஜாஸ் கலைஞர் அல்லர் என்று அவரே கூறினார். உயிரை எடுத்துவிட்டு உடலை மட்டும் காத்தாரா?

நான் அப்படி எண்ணவில்லை. கணத்தில் பிறந்த வாசிப்பு வாசித்தவரோடு போய்விடும். எழுதியது இன்னொருவர் கைக்கு வரும். 2000ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஒஸ்போர்னும் 2004இல் மார்க்-அந்த்ரே அமெலனும் இவரது ஆக்கங்களை இறுவட்டுகளாக வெளியிட்டனர். இருவரும் சாஸ்திரிய மேடையின் கலைஞர்களே. கோர்க்கி சாடிய இசை அவர்களது மேடைக்கு எழுத்தின் வழியாகவே சென்றது.

20 சொனாட்டாக்களை விட்டுச்சென்ற கபுஸ்தின், 2020 ஜூலை 2ஆம் திகதி மொஸ்கோவில் காலமானார். மரபா, புதுமையா என்று வழக்காடும் நாம் அவற்றில் ஒன்றையேனும் கேட்டுவிட்டு வழக்கைத் தொடரலாம்.