தளிச்சேரிப் பெண்டுகளும் யோஷிவாரா நங்கையரும்

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச்சாலை என்றொரு பெயர் வருகிறது. மறையூருக்கு அருகே மலைமேல் காந்தலூரில் வாழும் தமிழன்பர்கள் அதைத் தம் ஊரென்று கொண்டுவிட வேண்டா. அது திருவனந்தபுரத்தைச் சார்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. நாம் இன்று பேசவிருப்பது அம்மன்னனின் வேறொரு கல்வெட்டைப் பற்றி.

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி அவன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. ஒருத்தி இறந்தால் அவள் சுற்றத்தில் தகுதியுடையார் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்வர். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவள் என்பதெல்லாம் கல்லில் உண்டு. தெற்குத் தளிச்சேரியின் தலைவீட்டுக்காரி திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர். ஆடவந்தவளுக்கு இதைவிட அழகிய பெயர் உண்டோ!

அவர்கள் எவ்வாறு உடுத்தனர், என்ன பூண்டனர்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் 1931ஆம் ஆண்டில், அதே கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இடை வளைத்து ஆடும் மங்கையர், விதவிதமான கொண்டைகள், கழுத்திலும் கையிலும் அணிகள். ஓவியன் தெருவில் கண்டவர்களையே தேவமகளிராகத் தீட்டினான் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் சுவரிலுள்ள மங்கையர்க்குப் பெயரில்லை. கல்லிலுள்ள பெயர்களுக்கு முகமில்லை.

ஜப்பானில் இரண்டும் ஒரே தாளில் கிடைக்கின்றன. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் 1617இல் யோஷிவாரா என்னும் கணிகையர் வீதிக்கு அரசு உரிமம் அளித்தது. 1765 முதல், நிறத்துக்கொரு மரக்கட்டை செதுக்கிப் பல வண்ணத்தில் படம் அச்சிடும் முறை பரவிற்று. உதமாரோ முதலிய ஓவியர் தீட்டிய படங்களில் நங்கையின் பெயரும் அவள் இருந்த மனையின் பெயரும் பொறிக்கப்பட்டன. கச்சையை முன்புறம் முடிவது கணிகையர் வழக்கம். 1770களில் கொரியூசாய் வெளியிட்ட படவரிசை, புத்தாண்டுக்குரிய புதிய ஆடைக்கோலங்களை அவர்கள்மேல் உடுத்திக் காட்டியது. நகரத்துப் பெண்டிர் அவற்றைப் பார்த்து உடுத்தனர். பட்டின் பகட்டைக் காட்டிய அப்படங்கள், வறுமையால் பெற்றோரே சிறுமியரை அங்கு விற்றதைக் காட்டவில்லை. கோயிற் பங்குக்கு உரியவளாயிருந்த சேரமங்கையை அவர்களோடு ஒன்றாக எண்ணுதல் பிழை.

சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. வழக்கம் ஒழிந்தது, அணிகள் ஒழியவில்லை. சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம் எல்லாம் பரதநாட்டிய மேடைக்கும் மணமேடைக்கும் வந்தன. நாகர்கோவிலை அடுத்த வடசேரிக் கைவினைஞர் இன்றும் சிவப்புக்கல் பதித்து அவற்றைச் செய்கின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் அரங்கேறும் நம் பெண்கள் தலையில் சூடுபவை அவையே. கடையில் அவற்றுக்குக் கோயில் நகை என்று பெயர். தலைமுறை தலைமுறையாகச் சூடியிருந்த தேவதாசியரின் பெயரை அங்கே எவரும் சொல்வதில்லை.